எல்க்கார்ட்டில் ஒரு பம்ப் சத்தம்

இரவு இரண்டு மணி இருக்கும். தலைமாட்டுக்குக் கீழே எங்கோ ‘டுர்ர்’ என்று ஒரு சத்தம். மூன்று விநாடி ஓடி நின்றது. எலியோ என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் போனதும் மறுபடியும் ‘டுர்ர்’. எந்த எலியும் இப்படி மணி பார்த்து வேலை செய்யாது. எழுந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் படுத்திருந்தது வாடகைக்கு எடுத்த ஓடும் வீட்டில். நம்மூரில் சினிமாப் படப்பிடிப்புக்கு வெளியே நிற்குமே கேரவன், அதன் குடும்பப் பதிப்பு. அமெரிக்காவில் ஆர்வி என்கிறார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அதில் பேரன். பின்னறையில் மகளும் மாப்பிள்ளையும். நடுவில், சாப்பாட்டு மேசையைத் தாழ்த்திப் போட்டால் கிடைக்கும் கட்டிலில் நான். வண்டி நின்றிருந்த இடம், இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்னும் ஊருக்கு வெளியே ஒரு முகாம். உலகத்தின் ஆர்வி தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. சிவகாசிக்கே போய் நமுத்த பட்டாசு வாங்கின கதையாகிவிட்டது எங்களுக்கு.

சத்தம் தண்ணீர் பம்ப்புடையது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. முகாமில் எங்களுக்குக் கிடைத்த இடத்தில் மின் இணைப்பு மட்டும்தான். தண்ணீரை வண்டியின் அடித்தொட்டியில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தோம். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், பம்ப் தானே நின்றுவிடும். யாரும் குழாயைத் தொடாதபோது ஓடுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. நான் 31 வருடம் அரசு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுவேனா? டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்கடியில், கழிவறைக்குப் பின்னால், ஷவர் மூலையில் என்று முழங்காலில் தவழ்ந்து தேடினேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பின்னறைக் கதவு திறந்தது. “மாமா, பம்ப் சுவிட்சை அணைச்சிட்டுப் படுங்க” என்றார் மாப்பிள்ளை. கணினிக்காரர். எதையும் அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

இந்தப் பயணமே என் பிடிவாதத்தில் கிளம்பியது. சிகாகோ புறநகரில் மகள் வீடு. எங்கே போகலாம் அப்பா, நயாகராவா, நியூயார்க்கா என்று கேட்டாள். எனக்கு மில்வாக்கியும் எல்க்கார்ட்டும் பார்க்க வேண்டும் என்றேன். முதலாவது மோட்டார்சைக்கிள் ஊர், இரண்டாவது வீட்டுவண்டி ஊர். மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் ஒன்று, தெற்கு முனை தாண்டிச் சற்றுக் கிழக்கே மற்றொன்று. நடுவில் சுமார் 200 மைல். பெருமூச்சு விட்டாளே தவிர மறுக்கவில்லை.

மில்வாக்கியில் ஹார்லி டேவிட்சன் அருங்காட்சியகம் 2008இல் திறந்தது. ஆற்றோரம் செங்கல்லும் இரும்பு உத்தரமுமாகக் கட்டிய கட்டடங்கள். 1903இல் தொடங்கிய கம்பெனியின் முதல் வண்டிகளில் ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. பார்த்தால் பெரிய சைக்கிளுக்கு எஞ்சின் கட்டிவிட்ட மாதிரி. சங்கிலிக்குப் பதில் தோல் பட்டை. பேரன் நேராக உட்கார்ந்து பார்க்க விடும் வண்டிகள் பக்கம் ஓடிவிட்டான். என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தது வண்டிகள்கூட இல்லை, ஒரு பள்ளிக்கூடம்.

1917 ஜூலையில் இந்தக் கம்பெனி ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கியது. குவார்ட்டர்மாஸ்டர்ஸ் ஸ்கூல் என்று பெயர். படிக்க வந்தவர்கள் ராணுவ மெக்கானிக்குகள். அந்த வருடம்தான் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. முந்தின வருடமே மெக்சிகோ எல்லையில் பாஞ்சோ வில்லாவைத் துரத்திப்போன படையோடு மோட்டார்சைக்கிள்கள் போயிருந்தன. பாலைவன மணலில் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. செய்தி கொண்டு போகிறவனின் வண்டி நின்றால் செய்தியும் நிற்கும், செய்தி நின்றால் படை நிற்கும். அதனால் வண்டியை விற்ற கையோடு வைத்தியனையும் தயார் பண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் அதே பள்ளி சர்வீஸ் ஸ்கூல் என்று பெயர் மாறி, ஊர் ஊராக இருந்த விற்பனையாளர்களின் மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுத்தது. 1941இல் மறுபடி ராணுவத்துக்கே போயிற்று. இரண்டாம் உலகப்போரில் டபிள்யூஎல்ஏ ரகம் மட்டும் சுமார் 90,000 வண்டிகள் செய்திருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் நம் ஐடிஐகளின் கதையும் ரொம்ப விலகிப் போகவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைக்குக் கைவினைஞர்கள் வேண்டுமென்று இந்தியாவில் தொழிற்பயிற்சி மையங்கள் திறந்தார்கள். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் பிழைப்புக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். நான் பாடம் எடுத்த பட்டறையில் மூலையில் கிடந்த ஒரு பழைய வைஸுக்கு என்னைவிட வயது அதிகம்.

அந்த அருங்காட்சியகத்தில் என் கால் நின்ற இடம் வேறொன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஹார்லி, முழுக்கத் துரு. ஸ்போக்குகள் மொறமொறவென்று உதிரும் பக்குவத்தில் இருந்தன. 2011இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமி, மியாகி மாநிலத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தி வைத்திருந்த கன்டெய்னரோடு கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் பசிபிக்கில் மிதந்து, 2012இல் கனடாவின் மேற்குக் கரைத் தீவொன்றில் ஒதுங்கியது. சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்கள். அவர் தன் குடும்பத்தில் மூன்று பேரைப் பறிகொடுத்திருந்தார். வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுக்கிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இறந்தவர்களின் நினைவாக அது இப்படியே இருக்கட்டும் என்றார். எந்த வண்டியைப் பார்த்தாலும் எங்கே முதலில் கை வைக்கலாம் என்று கணக்குப் போடுகிற புத்தி எனக்கு. இந்த வண்டி முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மில்வாக்கியிலிருந்து தெற்கே வரும் வழியில் கெனோஷா. நெடுஞ்சாலையில் போகிற யாரும் கவனிக்கிற ஊரில்லை. ஆனால் உலகத்து மெக்கானிக்குகள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் ஸ்னாப்-ஆன் கருவிக் கம்பெனியின் தலைமையிடம் அங்கேதான். 1920இல் மில்வாக்கியில் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒவ்வொரு அளவு நட்டுக்கும் ஒரு முழு ஸ்பானர் வேண்டும். இவர்கள் ஐந்து கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் செய்து, மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்து கைப்பிடி ஐம்பது ஸ்பானர் வேலையைச் செய்யும் என்பது அவர்கள் விளம்பரம். கணக்கு சரிதான்.

கருவி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பட்டறை முதலாளி இடம் தருவார், லிஃப்ட் தருவார், பெரிய யந்திரங்கள் தருவார். கைக்கருவி மெக்கானிக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். கருவி விற்கும் வேன் வாராவாரம் பட்டறை வாசலுக்கே வரும், தவணைக்குக் கொடுக்கும். படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் பையன் முதல் மாதச் சம்பளத்திலேயே ஆளுயரப் பெட்டிக்குத் தவணை கட்டத் தொடங்குகிறான். எங்கள் ஐடிஐயில் கருவி அறை ஜன்னலில் பித்தளை டோக்கனைக் கொடுத்தால் பத்து-பதினொன்று ஸ்பானர் வரும், சாயங்காலம் ஸ்பானரைக் கொடுத்தால் டோக்கன் திரும்பும். தொலைத்தவன் பெயர் பலகையில் ஏறும். எது நல்ல முறை என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. சொந்தக் கருவியை எந்தப் பையனும் சுத்தியலாகப் பயன்படுத்த மாட்டான், அது மட்டும் நிச்சயம்.

சிகாகோவைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. வீட்டை ஓட்டிக்கொண்டு நெரிசலில் போவது லேசில்லை. பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் அலமாரியில் ரசப்பொடி டப்பா உருண்டது. கேரியின் உருக்காலைகள், மணற்குன்றுகள், பிறகு சோளக்காடு, சோளக்காடு, மேலும் சோளக்காடு. சவுத் பெண்ட் வருவதற்கு முன்னால் கைப்பேசியில் மணி தானாக ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. நேர எல்லையைத் தாண்டிவிட்டோம். எல்க்கார்ட் அங்கிருந்து பக்கம்.

எல்க்கார்ட் முதலில் பேர் வாங்கியது வீட்டுவண்டிக்கு இல்லை, பேண்டு வாத்தியத்துக்கு. சார்லஸ் கான் என்று ஒருத்தர், 1870களில் கார்னெட் வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு அடிதடியில் உதட்டைக் கிழித்துக்கொண்டார். கிழிந்த உதட்டோடு வாசிக்க வேண்டுமே என்று ஊதும் முனைக்கு ரப்பர் விளிம்பு வைத்துப் பார்த்தார். அது மற்றவர்களுக்கும் பிடித்துப்போக, தொழிற்சாலையாகி, ஊரே பித்தளை ஊதல்களுக்குப் பேர் பெற்றது. பழுது பார்க்கப் போய்ப் பிறந்த தொழில்! தகரம் மடிக்கவும் மரம் இழைக்கவும் தெரிந்த கைகள் ஊர் முழுக்க இருந்ததால், 1930களில் வில்பர் ஷுல்ட் போன்றவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் குட்டி வீடுகளை இங்கே செய்து விற்கத் தொடங்கியபோது ஆள் பஞ்சம் வரவில்லை. இன்று அமெரிக்காவில் செய்யப்படும் ஆர்விகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தியானாவில்தான், அதிலும் இந்த வட்டாரத்தில்தான் பிறக்கின்றன.

நெடுஞ்சாலையை ஒட்டி அதற்கொரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1913இல் செய்த ஒரு இழுவண்டி வீடு, பக்கத்தில் ஃபோர்டு மாடல் டி. பிழைத்திருக்கும் இழுவண்டி வீடுகளில் மூத்தது இதுதான் என்கிறார்கள். ஒரு பேராசிரியருக்காக வண்டிப்பட்டறைக்காரர் செய்து கொடுத்தது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். கொஞ்சம் தள்ளி, நடிகை மே வெஸ்ட்டுக்காக 1931இல் ஒரு சினிமாக் கம்பெனி செய்து கொடுத்த வீட்டுவண்டி, பின்பக்கம் ஒரு சின்னத் திண்ணையோடு. ஆக, கேரவனில் நடிகை ஓய்வெடுப்பது வடபழனியில் தொடங்கிய வழக்கமில்லை.

மறுநாள் காலை ஊரைச் சுற்றிவரும்போது சாலையோரம் குதிரை வண்டிகள் போயின. கறுப்புத் தொப்பி, தாடி. ஆமிஷ் மக்கள். கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்கு மின்கம்பி இழுக்க மாட்டார்கள். ஆனால் இந்த வட்டாரத்து ஆர்வி தொழிற்சாலைகளில் நல்ல தச்சர்கள் என்று தேடி எடுக்கப்படுகிறவர்களில் அவர்கள் ஏராளம். தாங்கள் ஏறாத வண்டியை ஊருக்கெல்லாம் செய்து அனுப்புகிறார்கள். வேலை விடியுமுன் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். பல ஆலைகளில் சம்பளம் எண்ணிக்கைக்குத்தான். எத்தனை வண்டி வெளியே போகிறதோ அத்தனை கூலி. கை வேகமாக ஓடும். வேகமாக ஓடும் கை எதையாவது விட்டுவிட்டுத்தான் ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் கதைக்கு உதவும்.

இந்தத் தொழிலுக்கு ஊஞ்சல் ஜாதகம். 2009 பிப்ரவரியில் ஒபாமா பதவியேற்ற மூன்றாவது வாரமே இந்த ஊருக்கு ஓடி வந்தார். காரணம், வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பணம் முடை என்றால் மக்கள் முதலில் நிறுத்துவது உல்லாச வண்டி வாங்குவதைத்தான். பிறகு கொரோனா வந்தது. ஓட்டலில் தங்கப் பயம், விமானம் ஏறப் பயம், எல்லோரும் வீட்டோடு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். 2021இல் சுமார் 6 லட்சம் ஆர்விகள் ஆலையிலிருந்து வெளியே போயின, இதுவரை இல்லாத எண்ணிக்கை. 2023இல் அது சுமார் 3.13 லட்சமாக இறங்கிவிட்டது. விற்பனை பாதியானாலும் விற்றுப்போன 6 லட்சமும் எங்கேயோ ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? கூரை விரிசல் விடும், கேஸ் அடுப்பு பற்றாது, பக்கவாட்டில் நீளும் அறை பாதியில் சிக்கிக்கொள்ளும். புது வீட்டைக் கட்டி முடித்துவிட்டு மணிக்கு நூறு கிலோமீட்டரில் குண்டும் குழியும் பார்த்து உலுக்கினால் எந்த ஆணி நிற்கும்?

இங்கேதான் எனக்கு மில்வாக்கி நினைவு வந்தது. எல்க்கார்ட்டில் ஆர்வி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் என்ற பயிற்சிப்பள்ளி திறந்தது 2019இல். ஆர்வி தயாரிப்பாளர்களின் சங்கம் 1 கோடி டாலர் போட்டு எடுத்த முயற்சி. அதற்கு முன்னாலும் சில கல்லூரிகளில் வகுப்புகள் உண்டு, சான்றிதழ்த் தேர்வுகள் உண்டு. ஆனால் பழுது பார்க்க ஆளில்லை, இதற்கென்று ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று தொழிலே சேர்ந்து கையைப் பைக்குள் விட்டது அந்தச் சமயத்தில்தான். மோட்டார்சைக்கிளுக்கு 1917, வீட்டுவண்டிக்கு 2019. மோட்டார்சைக்கிள் பக்கத்தில் தனிப்பள்ளிகளே 1973 முதல் இருக்கின்றன. அந்த வருடம் பீனிக்ஸ் நகரில் தொடங்கிய மோட்டார்சைக்கிள் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் ஹோண்டா, யமஹா, ஹார்லி என்று கம்பெனிவாரியாகவே பாடம் உண்டு. ஏன் இவ்வளவு இடைவெளி? என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். மோட்டார்சைக்கிள் நின்றால் காத்திருக்க முடியாதவன் கையில் முதலில் இருந்தது. பட்டாளத்துக்காரன், போலீஸ்காரன், தந்தி கொண்டு போகிறவன். அவன் பின்னால் அரசாங்கம் இருந்தது. ஆர்வி நின்றால் கெட்டுப்போவது ஒரு குடும்பத்தின் விடுமுறை. குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே காத்திருக்கும். மே மாதம் பட்டறையில் விட்ட வண்டி ஜூலையில் திரும்பக் கிடைத்த கதைகள் முகாமில் பக்கத்து வண்டிக்காரர்களிடம் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தன. முணுமுணுப்பு கூடிக் கூடி, இனி வண்டி வாங்கவே யோசிப்பார்கள் என்ற நிலை வந்த பிறகுதான் பள்ளி வந்தது.

அந்தப் பள்ளியின் வாசல் வரை போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கும் வயதில்லை எனக்கு. ஆனாலும் பார்த்தேன். மகள் வண்டியிலிருந்தே “அப்பா, போலீஸ் வரப்போகுது” என்றாள்.

எங்களுக்கு வைத்தியர் வந்தது அன்று மதியம். வாடகைக்காரர்களுக்கு போன் செய்தால் இசை கேட்டது, ஆள் கேட்கவில்லை. முகாம் அலுவலகத்துப் பெண்மணி, வண்டி இருக்கும் இடத்துக்கே வரும் மெக்கானிக் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவர் முப்பத்தைந்து வயதுப் பெண். மணிக்கட்டுக் கோடுகளில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

வண்டிக்குள் ஏறவே இல்லை அவர். முதலில் முகாமின் மின்கம்பத்துக்குப் போய் மீட்டரை வைத்தார். 120 வோல்ட் வருகிறதா, கம்பிகள் மாறியிருக்கின்றனவா. பிறகு வண்டியின் வெளி உடம்பில் ஒரு சோதனைப் பேனாவை வைத்து மின்கசிவு பார்த்தார். பிறகு மூக்கு மாதிரி ஒரு கருவியை கேஸ் குழாயோரமாக ஓட்டினார். பம்ப்பு பழுதுக்கு எதற்கு கேஸ்? பொறுமை இல்லாமல் நான் பின்னாலேயே நடந்தேன். இது எல்லாம் முடிந்து உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டார். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிறது? குழாய் திறந்தால் தண்ணீர் ஒரே சீராக வருகிறதா? எங்கேயாவது ஈரம் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு நான் நெஞ்சை நிமிர்த்தி, தேடிவிட்டேன், இல்லை என்றேன். தலையசைத்தார்.

பெஞ்சுக்கு அடியில் பலகையைத் தூக்கினால் பம்ப். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி அளவுகூட இருக்காது. வெளியே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயை ஒரு மூடியால் இறுக்கி அடைத்தார். சுவிட்சைப் போட்டார். பம்ப் ஓடி, அழுத்தம் ஏறி, நின்றது. இப்போது அதற்குப் பின்னால் வீட்டில் உள்ள எந்தக் குழாயும் இதில் சேர்த்தி இல்லை. நாலு பேரும் மௌனமாக உட்கார்ந்திருந்தோம், மரணப்படுக்கை பார்க்கிற மாதிரி. ஐந்து நிமிடம். ‘டுர்ர்’.

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒழுகுவது உண்மை. ஆனால் வெளியே இல்லை. பம்ப்புக்குள் தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு முழுதாக மூடாமல், ஏற்றிய தண்ணீர் பின்னாலேயே வழிந்து தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வந்த இடத்துக்கே போகும் தண்ணீர் எப்படித் தரையை நனைக்கும்? நான் இரவெல்லாம் தேடியது தண்ணீர் போகும் திசையில். அது வந்த திசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு திருகாணி கழற்றி பம்ப்பின் தலையைத் திறந்தார். ரப்பர் வால்வின் ஓரத்தில் சுருண்டு ஒட்டியிருந்தது, வெட்டின நகம் போல ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சீவல். தொட்டிக்குக் குழாய் பொருத்த ஆலையில் துளை போட்டபோது விழுந்த சீவல். ஊதி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வழியில் வடிகட்டி இருக்குமே என்றேன். கிண்ணத்தைத் திருகிக் காட்டினார். உள்ளே வலை இல்லை. யாரோ கழுவக் கழற்றி, திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். ஆலையில் அரை நிமிடம், அப்புறம் ஒரு கழுவலில் அரை நிமிடம். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் என் தூக்கத்திலிருந்து கழிந்திருக்கிறது.

வேனிலிருந்து புது வலை எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். தொடக்கத்தில் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். தெற்கே ஒரு பள்ளியில் படித்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு கடையில் பத்து வருடம். வடக்கு மாநிலங்களில் நவம்பர் வந்தால் பைக்குகள் கொட்டகைக்குள் போய்விடும். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வேலை கொஞ்சம் வரும், அதுவும் பனி பெய்தால்தான். ஆர்விக்கும் குளிர்காலம் உண்டு, ஆனால் அதிலேயே வேலை இருக்கிறது. குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, அதை வெளியேற்றிவிட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு உறைதடுப்பு திரவத்தை நிரப்ப வேண்டும். அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தார். பைக்கில் பாதி நோயைக் காதாலேயே பிடிக்கலாம், இதில் தச்சு, மின்சாரம், குழாய், கேஸ் என்று நாலு தொழில் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கிறது என்றார். குளிர்சாதனப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர வைக்கும் ரகம், கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், வண்டி சாய்வாக நின்றால் ஓடாது. தெரியாதவன் பெட்டியையே மாற்றிவிடுவான். தெரிந்தவன் சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை வைப்பான்.

அந்தப் புதுப் பள்ளியில் படித்தீர்களா என்று கேட்டேன். முதல் நிலை முடித்தேன் என்றார். நாலு நிலைகள். அந்த முதல் நிலையில் பழுதே பார்க்க விட மாட்டார்களாம். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லு, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று வரிசையாகச் சோதி, வண்டியை வாங்குகிறவர் கையில் கொடுக்குமுன் பார்க்கும் சோதனை அது. பத்து வருடம் எஞ்சினைப் பிரித்துப் போட்டவளை விளக்கைப் போட்டு அணைத்துப் பார் என்றால் எப்படி இருக்கும்! எரிச்சலில் பாதியில் எழுந்து வர இருந்தாராம். இப்போது எந்த வண்டிக்குப் போனாலும் கை தானாக அந்த வரிசையில்தான் போகிறது என்றார். கேஸ் கசிகிற வீட்டுக்குள் மீட்டரோடு போய் உட்கார்ந்து பம்ப்பைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று சிரித்தார்.

எங்கள் ஐடிஐயில் முதல் பாடம் அரம். இரும்புத் தகடு ஒன்றைக் கொடுத்து, சதுரமாக ராவு என்போம். வாரக்கணக்கில் ராவுவார்கள். உள்ளங்கை கொப்பளிக்கும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடுக்கு தெரியக் கூடாது. தெரிந்தால் புதுத் தகடு. அதற்குள் நாலைந்து பையன்கள் ஓடிப்போயிருப்பார்கள். கையைப் பழக்கிவிட்டுத்தான் கண்ணுக்குப் போவோம். இவர்கள் கண்ணைப் பழக்கிவிட்டுக் கைக்குப் போகிறார்கள். பிளாஸ்டிக் மரையை எவ்வளவு இறுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பட்டியலில் வராது, அது அரம் பிடித்த கைக்குத்தான் தெரியும். இதை அவரிடமும் சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்குப் பிடித்த பரீட்சை ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு மோட்டார்சைக்கிளின் பெட்ரோல் காக்கை மூடி வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை, என்னவென்று பார் என்பேன். பத்தில் ஒன்பது பேர் பிளக்கைக் கழற்றுவார்கள். ஒருத்தன் கார்புரேட்டரையே பிரித்துப் பரப்பிவிடுவான். முப்பது வருடம் இதைச் செய்து அவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். போன இரவு முழங்காலில் தவழ்ந்தது அந்தப் பையன்களில் ஒருவன்தான்.

சீவலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “எதுக்குப்பா அந்தக் குப்பை?” என்றாள் மகள்.

மறுநாள் காலை கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. ஆர்வி விளம்பரங்களில் சூரிய அஸ்தமனம் இருக்கும், நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், இந்த வேலை இருக்காது. முகாம் மூலையில் உள்ள குழிக்கு வண்டியைக் கொண்டுபோய் கழிவுத் தொட்டிகளைக் காலி பண்ண வேண்டும். கறுப்புத் தொட்டி கழிவறைக்கு, சாம்பல் தொட்டி குளித்த, கழுவிய தண்ணீருக்கு. மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்று கைப்பேசியில் வீடியோ பார்த்து வழி சொன்னார். நான் கையுறை மாட்டிக்கொண்டேன். குழாய் மாட்டியாயிற்றா, மறுமுனை குழிக்குள் நிற்கிறதா, மேலே கல் வைத்தாயிற்றா, மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கறுப்பு முதலில், சாம்பல் அடுத்து. அப்போதுதான் பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

பின்னால் வரிசையில் மூன்று வண்டிகள். அடுத்து நின்ற பெரியவர் தன் குழாயை மாட்டப் பார்த்துப் பார்த்து, முடியாமல், என்னைப் பார்த்து, இது உள்ளே போக மாட்டேனென்கிறது, கொஞ்சம் வர முடியுமா என்றார். போய்ப் பார்த்தேன். குழாயில் கை வைக்காமல், முதலில் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்டேன்.